வாலும் சான்றும் சந்தாவும்: நோயுற்ற குதிரைக்குப் பொறுப்பேற்றவர் யார்?

கடற்பயணத்தில் குதிரை இறந்துவிட்டால் அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிரோடு வந்திறங்கிய குதிரைக்குரிய விலை அதற்கும் வழங்கப்படும். விசயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன் (1485–1491) ஓர்முசு வணிகரிடம் இந்த முறையில்தான் குதிரை வாங்கினான் என்று போர்த்துகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ் எழுதுகிறார். மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் என்பது பேசி முடித்த விலை. உயிருள்ளவையும் இறந்தவையும் அந்த ஒரே கணக்கில் சேர்ந்தன. நூனிஸின் குறிப்பு 1535-ஐ ஒட்டிய காலத்தது; ராபர்ட் சீவெல் 1900-இல் வெளியிட்ட விசயநகர வரலாற்று நூலின் வழியாக ஆங்கிலம் அறிந்த வாசகருக்கு அறிமுகமாயிற்று. குதிரை வணிகத்தின் அளவைக் காட்டவே ஆய்வாளர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் எடுத்தாள்கின்றனர். காப்பீட்டின் முன்வரலாறாக இதைப் படித்தால் வேறொரு கேள்வி எழுகிறது.

வால் எதை மெய்ப்பித்தது? குதிரை ஒன்று இருந்தது, அது இப்போது இல்லை என்னும் இரண்டை மட்டுமே. ஏன் இறந்தது என்பதை வால் சொல்லாது. புயலில் கால் முறிந்ததா, நல்ல நீர் தீர்ந்துபோனதா, ஏற்றும்போதே நோய் இருந்ததா என்று மன்னனின் அதிகாரிகள் கேட்டதாகவும் நூனிஸ் சொல்லவில்லை. நோயுற்று, ஆனால் உயிரோடு கரையிறங்கிய குதிரையைப் பற்றி அந்த ஏற்பாடு பேசுவதே இல்லை. இறப்பு ஒரே நாளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி. அதற்குச் சான்று வைக்க முடியும். நோய் நாள்களில் பரவிக் கிடப்பது. எங்கே தொடங்கிற்று, எங்கே முடியும் என்று கோடு கிழிப்பது அரிது. குதிரையின் இழப்பைப் பங்கிட்டுக்கொள்ள இந்தியாவில் தோன்றிய ஏற்பாடுகள் பலவும் இந்த இடத்தில்தான் தடுமாறியிருக்கின்றன. காப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது சிகிச்சையில் இருக்கும் குதிரையை என்ன செய்வது என்னும் இன்றைய சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

நூனிஸுக்கு இரு நூற்றாண்டுக்கும் முந்திய சான்று பாண்டிய நாட்டுக்கு உரியது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபர் என்று அரபியர் அழைத்த சோழமண்டலக் கரைக்கும் பாரசீக வளைகுடாவில் உள்ள கிஷ் தீவுக்கும் இடையிலிருந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிறார். கிஷ் தீவின் தலைவரான மாலிக்குல் இஸ்லாம் சமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப வேண்டும். விலை குதிரை ஒன்றுக்குச் செம்பொன் தினார் 220. அவருடைய உடன்பிறந்தாரான தகியுத்தீன் பாண்டிய அரசில் உயர்ந்த பொறுப்பில் இருந்தார் என்பதால், விற்பவர் வீட்டாரும் வாங்குபவர் அவையும் ஒன்றையொன்று அறிந்தே பேசிய ஒப்பந்தம் இது என்று கொள்ளலாம். அதன் உயிரான நிபந்தனை, வழியில் ஒரு குதிரைக்குக் காயம் ஏற்பட்டாலும் அது இறந்தே போனாலும் அதன் விலை அரச கருவூலத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும் என்பது.

இதில் காயம் என்ற சொல் கவனத்துக்குரியது. விசயநகரத்தின் வால் இறப்பை மட்டுமே ஏற்றது. பாண்டியரின் ஒப்பந்தமோ ஊறுபட்டு உயிர்பிழைத்த குதிரையையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அந்தப் பொறுப்புக்கு ஓர் எல்லை இருந்தது: கடற்பயணம். கரையில் கால் வைத்த குதிரை மன்னனுடையது. அதன் பிறகு அதற்கு வரும் கேட்டுக்கு வணிகன் எவ்வகையிலும் பொறுப்பில்லை. கடலிலும் அவனுக்கு இழப்பில்லை, கரையிலும் இல்லை. பிரீமியம் என்று தனியே எதுவும் வசூலிக்கப்படாததால் இதை நேர்ப்பொருளில் காப்பீடு எனக் கூற இயலாது. ஆனால் காப்பீட்டாளர் செய்யும் வேலையை இங்கே வாங்குபவனே செய்தான் என்பதில் ஐயமில்லை.

வஸ்ஸாஃப் தரும் மற்றொரு எண்ணைச் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பாரசீகக் கரைகளிலிருந்து மஅபர், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் சென்றன என்றும் அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் எழுதுகிறார். 10,000-ஐ 220-ஆல் பெருக்கினால் அந்தத் தொகை பிசகாமல் வருகிறது. இவ்வளவு ஒழுங்கான கணக்கு சுங்கச்சாவடியில் எண்ணி எழுதியதைக் காட்டிலும் எழுதுகோலால் பெருக்கியது போலத் தோன்றுகிறது. கோயில் நிலங்களின் மிகுவருவாயிலிருந்து இத்தொகை செலுத்தப்பட்டது என்ற அவருடைய கூற்றும் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதே. ஒப்பந்த நிபந்தனையை இந்த அளவுக்கு ஐயுற வேண்டியதில்லை; அத்தகைய வழக்கம் இருந்ததை நூனிஸின் பிற்காலச் சான்றும் வலுப்படுத்துகிறது.

அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இறக்குமதியான குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். குதிரையைப் பேணும் முறை இங்குள்ளோருக்குத் தெரியாது என்பது அவர் சொல்லும் காரணம். அதற்கு மேல் ஒன்றையும் சேர்க்கிறார்: குதிரைக்கு மருத்துவம் பார்ப்போர் எவரும் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி வணிகர் தடுத்தனர், குதிரைகள் சாகச்சாக அவர்களுக்கு விற்பனை பெருகும். வஸ்ஸாஃபும் வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் ஊட்டப்பட்டு, முளைகளில் கட்டுண்டு கிடந்த குதிரைகள் விரைவில் வலுவிழந்து பயனற்றுப் போயின என்று எழுதுகிறார். இருவருமே தம் நாட்டுக் குதிரை வளர்ப்பை அளவுகோலாகக் கொண்டு பேசும் அயலார். அவர்கள் சொல்லில் ஏளனம் கலந்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்நிலத்தில் மேற்காசியக் குதிரை வாடியதற்கு மனிதரின் அறியாமை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஆனாலும் போலோ கூறும் பழி மெய்யோ வதந்தியோ, அதில் ஒரு பொருளியல் உண்மை பொதிந்திருக்கிறது. வழியில் நேரும் சாவுக்கு மன்னன் ஈடு தருகிறான். இலாயத்தில் நேரும் சாவு வணிகனுக்கு மறு விற்பனையைத் தருகிறது. அப்படியிருக்க, குதிரையின் உடல்நலத்தில் வணிகனுக்கு என்ன அக்கறை இருக்க முடியும்?

பொறுப்பு கைமாறும் இந்தக் கணத்தைத் தமிழ் மரபு ஒரு சடங்காகவே நினைவில் வைத்திருக்கிறது. மாணிக்கவாசகர் கதையில், குதிரை வணிகனாக வரும் இறைவன் பாண்டியனிடம் குதிரைகளைக் கயிறு மாறிக் கொடுக்கிறான். கயிறு கைமாறிய பின் குதிரைக்கு நேர்வது கொடுத்தவன் பொறுப்பன்று. அன்றிரவே பரிகள் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. திருவிளையாடற் புராணம் வரலாற்று ஆவணமாகாது. கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் காலத்துக்கு மிகப் பிந்திய நூல் அது. ஆயினும் கயிறு மாறுதல் என்னும் வழக்கத்தைக் கேட்போர் அறிந்திருந்ததால்தான் அந்தக் கதைக்கு வேகம் கிடைக்கிறது. வணிகன் சட்டப்படி குற்றமற்றவன்; இழப்பு முழுவதும் வாங்கியவன் தலையில். வாதவூரர் தண்டிக்கப்படுவது அந்த இழப்பை எவர் மேலாவது ஏற்ற வேண்டியிருந்ததால்.

இழப்பை எவர் மேல், எவ்வளவு ஏற்றுவது என்பதை விதியாக எழுதியது முகலாய அரசு. அபுல் ஃபசலின் அயினி அக்பரியில் குதிரை இலாயங்கள் பற்றிய பகுதியில் தாவான், அதாவது ஈடுசெய்தல், என்ற தலைப்பில் விதிகள் உள்ளன. அரசருக்கே உரிய இலாயத்தில் ஒரு குதிரை இறந்தால், அதை வாங்கிய விலையில் மொகர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் தரோகா கட்ட வேண்டும். அவருக்குக் கீழுள்ள மீர்தகா மொகர் ஒன்றுக்குப் பத்து தாம் கட்ட வேண்டும். குதிரைக்காரர்கள் மாத ஊதியத்தில் காற்பங்கை இழப்பார்கள். மொகர் ஒன்பது அல்லது பத்து ரூபாய்க்கும் ரூபாய் நாற்பது தாமுக்கும் சமமாக இருந்த காலம் அது. எனவே தரோகாவின் பங்கு குதிரை விலையில் ஏறத்தாழ ஒன்பதில் அல்லது பத்தில் ஒன்று. மீர்தகாவினுடையது அதில் கால். மிச்சத்தை அரசே ஏற்றது.

பிற இலாயங்களுக்கான விதி இன்னும் சுவையானது. முதலில் ஒரு குதிரை இறந்தால் மொகருக்கு ஒரு ரூபாய், இரண்டு இறந்தால் இரண்டு ரூபாய் என்று தண்டம் ஏறியது. பின்னர் அது தளர்த்தப்பட்டு, ஒன்று முதல் மூன்று வரை ஒரே வீதம், நான்காவதற்கு இரண்டு, ஐந்தாவதற்கு மூன்று என மாற்றப்பட்டது. எவ்வளவு நன்றாகப் பேணினாலும் சில குதிரைகள் சாகத்தான் செய்யும் என்பதை அக்பரின் அலுவலர்கள் பட்டறிவால் உணர்ந்துகொண்டதையே இந்தத் திருத்தம் காட்டுகிறது. இயல்பான சாவுக்கு ஓர் அளவு, அதற்கு மேற்பட்டதைக் கவனக்குறைவாகக் கருதுதல் என்னும் இந்தப் பாகுபாட்டை இன்றைய காப்பீட்டுக் கணக்கர் எவரும் தம் தொழிலாக உடனே அடையாளம் கண்டுகொள்வார். குதிரையின் வாய்க்குக் காயம் ஏற்பட்டாலும் தண்டம் உண்டு. கடிவாளத்தைத் தவறாகக் கையாண்டவர் யார் என்பது அங்கே தெளிவாகத் தெரியும். ஆனால் காய்ச்சலோ வயிற்றுச்சூலையோ இந்த ஈட்டுப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு யாரைக் குற்றம் சொல்வது?

அகதி எனப்பட்ட தனி வீரருக்கு வேறொரு ஏற்பாடு இருந்தது. அவருடைய குதிரை இறந்தால், ஆய்வாளர் தரும் சகத்நாமா என்னும் சான்று அந்த இழப்பை விளக்க வேண்டும். சான்று இருந்தால் குதிரைப் பராமரிப்புக்கான தொகை தொடர்ந்து கிடைக்கும், இல்லையேல் நின்றுவிடும். விசயநகரத்தின் வாலிலிருந்து இது பெரிய தாவல். விலங்கின் உறுப்புக்குப் பதிலாக, பார்த்தறிந்த ஒருவரின் எழுத்து சான்றாகிறது. இறந்ததா என்பதோடு எப்படி இறந்தது என்ற கேள்வியும் முதன்முறையாக ஆவணத்துக்குள் நுழைகிறது. இன்று கால்நடை மருத்துவர் கையொப்பமிடும் இறப்புச் சான்றின் மூதாதையாக இதைக் கருதுவதில் பிழையில்லை. ஆயினும் சகத்நாமாவும் குதிரை செத்த பிறகே எழுதப்பட்டது.

பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியக் குதிரைப்படையில் இந்தச் சிக்கல் மனிதரிடையே ஒரு கூட்டு ஏற்பாடாக வடிவெடுத்தது. மராத்தியப் படையில் அரசின் குதிரையில் ஏறுபவன் பார்கீர். சொந்தக் குதிரையோடு வருபவன் சிலேதார். 1857-க்குப் பிறகு வங்காள, பம்பாய்க் குதிரைப்படைகளில் சிலேதார் முறையே பொதுவழக்காயிற்று. சென்னை மாகாணப் படைப்பிரிவுகள் மட்டும் அரசுக் குதிரையிலேயே தொடர்ந்தன. சிலேதார் வீரனுக்குக் குதிரைதான் முதலீடு, அதுவே பிழைப்பு. குதிரை செத்தால் வீரன் கடனாளி. எனவே படைப்பிரிவுக்குள் ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்தி, குதிரை இழந்தவருக்கு மாற்றுக் குதிரை வாங்கித் தரும் நிதி உருவானது. அதன் பெயர் சந்தா. இதழ்களுக்கும் சங்கங்களுக்கும் கட்டுவதற்குத் தமிழில் இன்று வழங்கும் அதே சொல்தான். பிரீமியம், பொது நிதி, இழப்பீடு ஆகிய மூன்றும் கொண்ட முழுமையான பரஸ்பரக் குதிரைக் காப்பீடு என்று இதைத் தயங்காமல் அழைக்கலாம். காப்பீட்டு வரலாறுகள் ஐரோப்பியக் கம்பெனிகளின் வருகையிலிருந்தே தொடங்குவதால், படைமுகாமில் இயங்கிய இந்த நிதி அவற்றின் கண்ணில் படுவதில்லை.

சந்தா நிதி ஈடுசெய்தது இறந்த குதிரையையும், இனிப் படைக்கு ஆகாது என்று கழிக்கப்பட்ட குதிரையையும். இடைப்பட்ட நிலை ஒன்று உண்டு. அதன் மிகச்சிறந்த எடுத்துக்காட்டு, படைக்குதிரைகளை வாட்டிய சர்ரா. 1880-இல் தேரா இஸ்மாயில் கானில் படைக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ், நோயுற்ற குதிரைகளின் குருதியில் நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். பாலூட்டிகளில் நோய் விளைவிக்கும் டிரைபனோசோம் முதன்முதலில் அறியப்பட்டது அப்போதுதான். அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கடிக்கும் ஈக்களால் பரவும் இந்நோயின் இயல்பு அலையலையாக வருவது. காய்ச்சல் ஏறும், தணியும். குதிரை தேறிவிட்டது போலத் தோன்றும். வயிற்றடியிலும் கால்களிலும் வீக்கம் காணும். இரத்தம் வற்றி உடல் மெலியும். காய்ச்சல் தணிந்த நாள்களில் குருதியைச் சோதித்தால் ஒட்டுண்ணி தென்படாமலும் போகலாம். அப்படிப்பட்ட குதிரை சாகவுமில்லை, ஓடவுமில்லை. தீனி மட்டும் தின்கிறது. அந்த மாதங்களின் சுமை வீரன் மேலேயே விழுந்தது.

முதல் உலகப்போரின் இழப்புகளைச் சந்தா போன்ற சிறு நிதிகளால் தாங்க முடியவில்லை. சாதாரண ஆண்டில் சிதறி நேரும் சாவுகளுக்காக அமைந்த நிதி, ஒரே வேளையில் நூற்றுக்கணக்கில் குதிரைகள் அழியும்போது நொறுங்குவது இயல்பே. போருக்குப் பின் 39 குதிரைப்படைப் பிரிவுகள் 21 ஆகக் குறைக்கப்பட்டபோது சிலேதார் முறையும் முடிவுக்கு வந்தது.

இதற்கிடையில் அரசு வேறொரு பாதையில் சென்றது. 1899-இல் கிளாண்டர்ஸ் நோய்க்கான சட்டமும் 1910-இல் டூரின் நோய்க்கான சட்டமும் இயற்றப்பட்டன. முன்னதன் நோக்கம் தெளிவானது: நோய் உறுதியானால் குதிரையைக் கொன்றுவிட வேண்டும். மனிதருக்கும் தொற்றிக் கொல்லும் நோயாதலால் அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. இங்கும் நோயுற்ற குதிரை சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது அதன் சாவின் வழியாகத்தான்.

கடல்கடந்த வணிகத்தில் வளர்ந்த ஆங்கிலேயக் காப்பீட்டுச் சட்டமே இன்றைய இந்தியக் காப்பீட்டின் அடித்தளம் என்பதால், அங்கே குதிரை எப்படிக் கையாளப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். இலண்டன் காப்பீட்டாளர்கள் விசயநகர மன்னனைப் போலத் தாராளம் காட்டவில்லை. உயிருள்ள சரக்கு தானாகச் செத்தால் பொறுப்பில்லை என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். 1825-இல் தீர்ப்பான கபே எதிர் லாயிடு வழக்கில், புயலின் உலுக்கலில் தடுப்புகள் உடைந்து, மிரண்ட குதிரைகள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு மாண்டன. சாவுக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் இருந்தும் காப்பீட்டாளர் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. அந்தச் சாவு கடலின் இடரால் நேர்ந்தது. குதிரையின் உடலுக்குள்ளிருந்து வந்ததன்று. வெளியிலிருந்து வரும் இடர் காப்புக்குரியது, பொருளின் உள்ளியல்பிலிருந்து வரும் கேடு அதற்கு உரியதன்று என்னும் இந்தப் பாகுபாடு இந்தியாவின் 1963-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளது. நோய் எப்போதும் உள்ளேயிருந்து வருவதாகவே தோற்றமளிக்கிறது என்பதுதான் குதிரையின் தீயூழ்.

நிலத்தில் வாழும் குதிரைக்கு எழுதப்படும் காப்பீட்டில் கடற்பயணத்தின் இடத்தை ஆண்டு பிடித்துக்கொண்டது. பயணத்துக்கு இயற்கையான முடிவு உண்டு. கப்பல் துறையை அடைந்ததும் பொறுப்பு தீர்கிறது. ஆண்டுக்கு அத்தகைய முடிவு இல்லை. அது கணக்கு வைப்பவரின் வசதிக்காகக் கிழித்த கோடு. பதினோராம் மாதத்தில் சர்ரா கண்ட குதிரைக்குப் பன்னிரண்டாம் மாத முடிவில் என்ன மாறிவிடுகிறது? உடலில் ஏதும் மாறுவதில்லை. ஒப்பந்தத்தில் எல்லாமே மாறிவிடுகிறது. ஆங்கிலேயப் பொதுச்சட்டப்படி ஆண்டுக் காப்பீட்டின் புதுப்பித்தல் ஒவ்வொன்றும் புதிய ஒப்பந்தம். புதிய ஒப்பந்தம் என்றால், 1766-இல் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு வகுத்த வழியில், தெரிந்த அனைத்தையும் மறைக்காமல் சொல்லும் கடமை மீண்டும் உயிர்பெறுகிறது. உரிமையாளர் நோயை மறைத்தால் ஒப்பந்தமே செல்லாது. சொன்னால், அந்நோய் முன்பே இருந்த நோய் என்று குறிக்கப்பட்டு அடுத்த ஆண்டின் காப்பிலிருந்து விலக்கப்படுகிறது. நேர்மையாக நடந்துகொள்பவர், காப்பு மிகத் தேவைப்படும் நேரத்திலேயே அதை இழக்கிறார்.

குதிரை மருத்துவச் செலவுக்குக் காப்பு வழங்கும் பழக்கம் நன்கு வேரூன்றிய பிரிட்டனில் இந்த விலக்கு நாள்தோறும் நிகழ்கிறது. அங்குள்ள பத்திரங்களில் ஒரு நோய்க்கு முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வரையிலோ குறிப்பிட்ட தொகை வரையிலோ செலவு தருவது பரவலான வழக்கம். அதன் பின் அந்நோய் புதுப்பித்த பத்திரத்தில் விலக்காகும். குளம்பழற்சி போலத் திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு இது காப்பின் முடிவு. உயர்விலைக் குதிரைகளின் உயிர்க்காப்பில் நீட்டிப்பு வாசகம் ஒன்றைச் சேர்ப்பதுண்டு: பத்திரக் காலத்தில் தோன்றி அப்போதே அறிவிக்கப்பட்ட நோயால், காலம் முடிந்து குறித்த நாள்களுக்குள் குதிரை இறந்தாலும் ஈடு கிடைக்கும். வரலாற்றின் பழைய பழக்கம் இங்கும் விடவில்லை. கோட்டைத் தாண்டிக் காப்பு நீளுவது பெரும்பாலும் சாவுக்காகவே. சாவுக்கும் சான்று வேண்டும் என்பதை 1983-இல் அயர்லாந்தில் கடத்தப்பட்ட பந்தயக் குதிரை ஷெர்கரின் பங்குதாரர்கள் கற்றுக்கொண்டனர். உடல் கிடைக்கவே இல்லை; திருட்டைச் சேர்க்காமல் இறப்புக்கு மட்டும் காப்பெடுத்திருந்தவர்களுக்குப் பணம் வரவில்லை. கொண்டுவந்து காட்ட வால் இல்லை.

புதுப்பித்தல் புதிய ஒப்பந்தமா, பழையதன் தொடர்ச்சியா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் சற்று வேறான விடையையும் தந்திருக்கிறது. 2001-இல் மனிதருக்கான மருத்துவக் காப்பீட்டு வழக்கொன்றில், புதுப்பித்தல் என்பது முந்திய பத்திரத்தை அதே நிபந்தனைகளோடு மீண்டும் நடப்புக்குக் கொண்டுவருவதே என்று உச்சநீதிமன்றம் விளக்கியது. பொதுத்துறை நிறுவனம் தன் விருப்பப்படி புதுப்பிக்க மறுப்பது ஏற்கத்தக்கதன்று என்றும் கூறியது. அதன் பின்னர் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் விதிகள் மனித மருத்துவக் காப்பீட்டை வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கத்தக்கதாக்கின. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு 2024-இல் அதிக அளவாக 36 மாதம் என வரையறுக்கப்பட்டது. அறுபது மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நிறுவப்பட்டாலன்றி, முந்திய நோயை மறைத்தார் என்று வாதிட இயலாது. இவை யாவும் மனித உடலுக்கு மட்டும். குதிரை சட்டத்தில் உடைமை. உடைமைக்கு நலம் கிடையாது, மதிப்பு மட்டுமே உண்டு. மதிப்பு இழக்கப்படுவதும் சாவால் அல்லது முழுமையான நிலைத்த ஊனத்தால்.

இந்திய நிறுவனங்கள் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் வழங்கும் காப்பு இந்த இரண்டையே மையமாகக் கொண்டது. முதலாவது அடிப்படைக் காப்பு. இரண்டாவதற்குக் கூடுதல் பிரீமியம். காப்பு தொடங்குமுன் பற்றிய நோய் விலக்கு. சிகிச்சைச் செலவு பொதுவாக உரிமையாளருடையதே. தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டுத் திட்டம் 2014 முதல் கறவை மாடுகளைக் கடந்து குதிரை, மட்டக்குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றையும் ஏற்றது. 2024-இல் பயனாளி செலுத்த வேண்டிய பங்கு பிரீமியத்தில் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. திட்டம் ஓராண்டுப் பத்திரத்தோடு மூன்றாண்டுப் பத்திரத்துக்கும் இடமளித்தது. நிர்வாக வசதிக்காகச் செய்த ஏற்பாடாக இது தோன்றினாலும், நோயுற்ற விலங்கின் பார்வையில் இதுவே அத்திட்டத்தின் மிக முக்கியமான கூறு. மூன்றாண்டில் புதுப்பித்தல் நாள் இரண்டு குறைகிறது. இடைப்பட்ட காலத்தில் சர்ரா கண்ட குதிரை தேறலாம், மீண்டும் விழலாம், இறக்கலாம். எது நேர்ந்தாலும் அதன் நோய் முன்பே இருந்த நோய் ஆகிவிடுவதில்லை.

யாருடைய குதிரை இது என்பதையும் மறந்துவிடலாகாது. பந்தயத் திடலின் உரிமையாளருக்கு ஒரு குதிரையின் நோய் வரவுசெலவில் ஒரு வரி. செங்கற்சூளையில் கல் சுமக்கும் கோவேறு கழுதையின் உரிமையாளருக்கும், கேதார்நாத் பாதையில் யாத்திரிகரை ஏற்றிச்செல்பவருக்கும், திருமண ஊர்வலக் குதிரை வைத்திருப்பவருக்கும் அது சிலேதாரின் நிலையேதான்: விலங்கு படுத்தால் வருமானம் நிற்கும், தீனிச்செலவும் ஊசிச்செலவும் நிற்கமாட்டா. சர்ராவுக்கு இன்று மருந்து உண்டு. குவினாபைரமின் ஊசி இந்தியாவில் பல்லாண்டாக வழக்கில் உள்ளது. ஆனால் நோய் திரும்பினால் மீண்டும் ஊசி, மீண்டும் ஓய்வு. காப்பு சாவுக்கு மட்டும் இருக்கும்போது, இரண்டாம் முறை மருந்துக்குப் பணம் செலவிடுவதா, விலங்கை அப்படியே விட்டுவிடுவதா என்று கணக்குப் பார்க்கும்படி ஓர் ஏழையை அந்த ஒப்பந்தமே தூண்டுகிறது. பத்திரக் காலம் முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதும் அந்தக் கணக்கில் சேரும். போலோ கேட்ட வதந்தியில் வணிகர் செய்ததாகச் சொல்லப்பட்டதை, இங்கே எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒருவர் செய்ய நேரிடலாம்.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து 3.4 இலட்சம், 2012-இல் இருந்ததைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவு. காப்பீட்டுத் துறையின் கணக்கில் இது ஒரு பொருட்டாகாத எண்ணிக்கை. நீடித்த சிகிச்சைக்குத் தனிப் பத்திரம் வடிவமைக்கும் ஆர்வம் சந்தையில் தானாகப் பிறக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அரசு மானியம் ஓடும் திட்டத்திலாவது, பத்திரக் காலத்தில் பதிவான நோய்க்குப் புதுப்பித்த பின்னும் காப்பு தொடரும் என்ற ஒரு வாசகத்தைச் சேர்க்கலாம். அதற்குத் தேவையான சான்று இறந்த பின் எழுதுவதன்று. குதிரை உயிரோடிருக்கும்போது கால்நடை மருத்துவமனைப் பதிவேட்டில் நாளும் மருந்தும் குறித்து எழுதப்படுவது. அத்தகைய பதிவேடுகள் அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. காப்பீட்டுத் தொகை கோரும் படிவங்களோ இன்றும் முதலில் கேட்பது, விலங்கின் காதில் குத்திய அடையாள வில்லையை. வில்லை இல்லையேல் தொகை இல்லை என்பது கால்நடைக் காப்பீட்டில் ஊழியர் முதல் உழவர் வரை அனைவரும் அறிந்த விதி. விலங்கு இறந்ததும் வில்லையைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும்.